தைப்பூசம் கழிந்து இறக்கிய கணினிகள்

"அப்பா, ஆஃப் பண்ணி வச்ச கம்ப்யூட்டர் தூங்குதா, செத்துப் போச்சா?"

இதைக் கேட்டபோது சாருமதிக்கு ஐந்து வயது. உலு திராம் வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை மூடி ஒதுக்கிவிட்டு, சிவகணேசன் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தார்.

"தூங்குதும்மா. யாராச்சும் எழுப்புனா எழுந்திரிச்சிடும்."

"ரொம்ப நாளு எழுப்பலன்னா?"

 சாப்பிடு, ஆறிடும் என்று மட்டும் சொன்னார். ஏழு ஆண்டுகள் கழித்து, அவர் வேலை செய்த நிறுவனம் அந்தக் கேள்விக்கு ஒரு கணக்கு வைத்தது. அறுபது நாள்.

சிவகணேசன் பாசிர் கூடாங்கில் ஒரு செம்பனை எண்ணெய் நிறுவனத்தின் தலைமையகத்தில் இருந்தார். ஆலைகள், துறைமுகக் கிடங்குகள், ஜொகூர் முழுக்கப் பதினேழு தோட்டங்கள் என எல்லா இடத்திலும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் கணினிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன மென்பொருள் உட்கார்ந்துகொண்டு, 'நான் இருக்கிறேன், நலமாக இருக்கிறேன்' என்று தினமும் தலைமையகத்துக்குச் சொல்லும். அந்தக் குரல்களைக் கவனித்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஜனவரியில் அந்த மென்பொருளை எல்லாக் கணினிகளிலும் புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது.

பழைய பதிப்பு சாது. ஒரு கணினி பல நாள் பேசாமல் இருந்தால், பட்டியலில் அதன் பெயரை மஞ்சளாக்கிக் காட்டும், அவ்வளவுதான். புதிய பதிப்பு அப்படி இல்லை. அறுபது நாள் பேசாத கணினியைத் திருடுபோனதாக எடுத்துக்கொள்ளும். அது மறுபடி இணையத்தில் வந்த நொடியிலேயே உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடும். நிறுவனத்தின் ரகசியங்கள் வெளியே போகக்கூடாது என்பதற்கான காவல் அது.

"லேப்டாப்பு ஒன்னு தொலைஞ்சாலும் நம்ம தலைதான் போகும் சிவா. அந்த விதிக்குப் போட்ட டிக் இருக்கட்டும்லா" என்றார் பிரிவின் மேலாளர் குணாளன். டிக் இருந்தது. இந்த விதி தொடக்கூடாத கணினிகளின் எண்களை எழுதிவைக்க அருகிலேயே ஓர் இடமும் இருந்தது. அதில் சிவகணேசன் எதையும் எழுதவில்லை. எழுத எதுவும் இருப்பதாக அவருக்கு நினைவில்லை.

மூன்று வாரத்தில் மாற்றம் முடிந்தது. இணைப்பில் இருந்தவை எல்லாம் திரையில் பச்சை; அணைந்து கிடந்தவை எழுந்ததும் தாமே மாறிக்கொள்ளும். குணாளன் பிரிவுக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தார். சிவகணேசன் வீடு திரும்பும் வழியில் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்.

கோத்தா திங்கிக்கு அப்பால், ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டத்து அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எப்போதோ ஒரு வெள்ளத்தில் மேசை, நாற்காலி, கணினி எல்லாவற்றையும் பறிகொடுத்த பிறகு வந்த வழக்கம். தீபாவளி கழிந்து மழை கனத்ததும் பதினொரு கணினிகளையும் கழற்றுவார்கள். பிளாஸ்டிக்கில் சுற்றி மாடிப் பரணுக்கு ஏற்றுவார்கள். மழைக்காலம் முழுக்க, மேட்டில் இருக்கும் மேனேஜர் பங்களாவில் ஒரே ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு அலுவலகம் நடக்கும். தைப்பூசம் கழிந்துதான் பரணிலிருந்து இறக்குவார்கள். தலைமைக் கிராணியான எழுத்தர் பிரேமலா முப்பத்தாறு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறார். நல்ல நாள் பார்த்து இறக்க வேண்டும் என்பது அவர் சேர்த்தது.

தைப்பூசம் கழிந்த செவ்வாய்க்கிழமை காலை சிவகணேசனின் தொலைபேசி அடித்தது.

"தம்பி, பிரேமலா பேசுறேன். பசியாறிட்டீங்களா?"

"ஆச்சுக்கா. சொல்லுங்க."

"கம்ப்யூட்டரு எல்லாம் எறக்கி மாட்டிட்டோம். விபூதி வச்சு, கற்பூரம் காட்டித்தான் சுவிட்சே போட்டேன். ஒரு வட்டம் சுத்திச்சு, சுத்திச்சு, அப்பறம் 'செலாமாட் டத்தாங்'னு வருது. புதுசா வாங்குனா வரவேற்குமே, அந்த மாதிரி. என் ஃபைலு ஒன்னையும் காணோமே?"

சிவகணேசன் பேனாவை எடுத்தார். "எத்தன கம்ப்யூட்டருக்கா?"

"பதினொன்னும்."

"வேற எதையும் மாட்டாதீங்க."

"அலமாக், எல்லாத்தையும் மாட்டியாச்சே. சீக்கிரம் அப்டேட் ஆவணும்னு நீங்கதானே சுற்றறிக்கை அனுப்புனீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். பச்சைக்கு நடுவே பதினொரு சிவப்பு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. பூட்டியிருந்த வட்டுகளின் சாவியையே மென்பொருள் அழித்திருந்தது. இனி எந்த நிபுணர் வந்தாலும் திறக்க முடியாது. அது அவருக்குத் தெரியும், அப்படி அமைத்தவர் அவர்தான்.

பிறகு மின்னஞ்சலில் பிரேமலாவின் பெயரைத் தேடினார். தீபாவளி கழிந்த பத்தாம் நாள் வந்த கடிதம் கிடைத்தது. 'தம்பி, மழை வரப்போகுது. எப்போதும்போல் பதினொன்றையும் கழற்றி மேலே வைக்கப்போகிறோம். தைப்பூசம் கழித்துத்தான் இறக்குவோம். உங்கள் புதுத் திட்டத்தில் இதனால் பிரச்சினை வராதே? எண்கள் கீழே.' பதினொரு எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, தவறில்லாமல் இருந்தன. அதற்குக் கீழே அவருடைய பதில்: 'ஓகே கா, குறிச்சுக்கிட்டேன். நன்றி.'

அவர் குறித்துக்கொள்ளவில்லை. அன்று அவருக்கு இருநூறு கடிதங்கள் வந்திருந்தன. உலகத்துத் தவறுகளில் பாதி கெட்ட மனத்தில் பிறப்பதில்லை, இப்படி ஒரு 'ஓகே'யில் பிறக்கின்றன.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா?" பிரேமலாவின் குரல் தாழ்ந்தது. "மத்தது போனா போவட்டும். என் கம்ப்யூட்டர்ல 'பிறப்பு'ன்னு ஒரு ஃபோல்டரு. அத மட்டும் எடுத்துத் தர முடியுமா?"

தோட்டத்துக் கிளினிக்கில் ஒரு பெரிய பிறப்புப் புத்தகம் இருந்தது. தொழிலாளர் லயத்து வீடுகளில் பிறந்த ஒவ்வொரு குழந்தையையும், கிளினிக்கைப் பார்த்துக்கொள்ளும் டிரஸ்ஸர் அதில் எழுதி வைப்பார். பதிவிலாகாவுக்குப் போகத் தெரியாமல், போக முடியாமல் விட்ட குடும்பங்களுக்கு அந்தப் புத்தகத்தின் ஒரு வரிதான் பிள்ளை இந்த மண்ணில் பிறந்ததற்குச் சாட்சி. பிரேமலா மூன்று ஆண்டுகளாகத் தன் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தார். தோட்டத்து இணையம் ஆமை வேகம், தலைமையகச் சேமிப்புக்கு ஏற்றினால் பாதியில் அறுந்துவிடும். அதனால் தன் கணினியிலேயே வைத்திருந்தார். போன டிசம்பர் வெள்ளத்தில் புத்தகம் போய்விட்டது.

"ராணின்னு ஒரு பொண்ணு, தம்பி. செல்வராணி. நம்ம தோட்டத்து கந்தின் சாப்பாட்டுக் கடைல வேல செய்யுது. அம்மா செத்துருச்சு, அப்பன் போன எடம் தெரியல. ஐசி, அடையாள அட்டையே கெடையாது. வர்ற மார்ச் பன்னெண்டு பதிவிலாகாவுல நேர்காணல் வச்சிருக்காங்க. ஆறு வருசமா நடந்து வாங்குன தேதி. தோட்டத்துல பொறந்ததுக்கு ஆதாரம் கேட்டிருக்காங்க. தைப்பூசம் கழிச்சு அந்தப் பக்கத்த அடிச்சு, முத்திர போட்டுத் தர்றேன்னு சொல்லி வச்சிருந்தேன்."

"அக்கா, அது போயிருச்சுக்கா" என்றார் சிவகணேசன். 

 பிறகு, "சரி தம்பி. நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பிரேமலா போனை வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் தலைமையகத்தில் விசாரணை. பதினொரு கணினிகள், ஒரு தோட்டத்தின் மூன்றாண்டுக் கோப்புகள். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மேசையின் ஒரு பக்கம் குணாளனும் மனிதவளத்திலிருந்து வந்த ஓர் அதிகாரியும். எதிரே பிரேமலா, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தார். ஓரத்தில் சிவகணேசன். அவர் முன்னால் மடிக்கணினியில் அந்தக் கடிதம் திறந்தே இருந்தது. கேட்டதும் சொல்லிவிடுவது என்று காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

குணாளன் நேராகவே கேட்டார். "அம்மா, மெஷின கழட்டப் போறோம்னு ஐடிக்குச் சொன்னீங்களா, இல்லியா?"

பிரேமலா ஒரு கணம் சிவகணேசனைப் பார்த்தார். கோபம் இல்லாத பார்வை. காய்ச்சல்கார வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இல்ல சார். மறந்துட்டேன். வயசாயிருச்சில்ல."

சிவகணேசன் வாயைத் திறந்தார்.  அதிகாரி ஏதோ எழுதத் தொடங்கினார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. பேசியிருக்க வேண்டிய நிமிடம் போய்விட்டது. அடுத்த நிமிடத்தில் பேசுவது அதைவிடக் கடினமாக இருந்தது, அதற்கடுத்தது இன்னும் கடினம். நல்ல மனிதர்கள் கோழையாவது இப்படித்தான், ஒவ்வொரு நிமிடமாக. விசாரணை இருபது நிமிடத்தில் முடிந்தது.

தோட்டத்து வேனுக்காகப் பிரேமலா காவல் கொட்டகை ஓரம் நின்றிருந்தார். சிவகணேசன் பின்னாலேயே ஓடினார்.

"ஏன்கா அப்படிச் சொன்னீங்க? மெயில் இருக்கே!"

"உங்ககிட்ட இருக்கு. நான் பழசையெல்லாம் அழிச்சிடுவேன் தம்பி, எடத்த அடைக்குதுல்ல."

"அக்கா, வெளாடாதீங்க."

"எனக்கு ஆகஸ்டுல ரிட்டயரு. என்ன செய்வாங்க? ஆறு மாசம் முன்னாடியே வீட்டுக்குப் போன்னுவாங்க. உங்களுக்குக் கான்ட்ராக்ட். மார்ச்சுல புதுப்பிக்கணும்னு நீங்கதான் போன தடவ சொன்னீங்க. வீட்ல பொம்பளப் புள்ள படிக்குது."

"அதுக்காக நீங்க பழிய ஏத்துக்கிறதா?"

பிரேமலா சாலையைப் பார்த்தார். எண்ணெய் லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. "அதுக்காக மட்டும் இல்ல. பஞ்சிர் வெள்ளம் ஏறுன அன்னைக்கு கிளினிக்ல நிக்கிறேன். அந்தப் புத்தகம் கீழ்த்தட்டுல இருக்கு. கையில ரெண்டு நிமிசம் இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சேன்னு அத விட்டுட்டு, டிரஸ்ஸர் வளத்த கோழியத் தூக்கிட்டு ஓடுனேன். கோழிய, தம்பி! அதுவும் கைய கொத்திருச்சு." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்கக்கா."

"எனக்கு ஒன்னும் வேணாம். ராணிக்கு ஒரு பேப்பரு. அந்தப் புள்ள இங்கதான் பொறந்துச்சுன்னு சொல்ற ஒரே ஒரு பேப்பரு, பன்னெண்டாந் தேதிக்கு முன்னாடி. உங்களால முடிஞ்சா அதக் குடுங்க. நமக்குள்ள கடன் தீந்துச்சு."

வேன் வந்தது. அவர் ஏறிக்கொண்டார்.

மறுநாள் பிரேமலாவுக்குப் பணிநீக்கக் கடிதம் போனது. முப்பத்தாறு ஆண்டுக்குப் பிறகு மாலை இல்லை, விருந்து இல்லை. அலுவலகச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். செய்தி கேட்டு, சிவகணேசன் நேரே குணாளனின் அறைக்குப் போய் அந்தக் கடிதத்தைக் காட்டினார். குணாளன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"இத ஏன் இப்பக் கொண்டாற?"

"அன்னைக்கே சொல்லிருக்கணும் பாஸ். பயந்துட்டேன்."

"ஃபைல் மூடியாச்சு சிவா. மேல வரைக்கும் போயாச்சு. இப்பத் தொறந்தா ஐடிதான் தப்புன்னு வரும். அந்த டிக்க நான்தான் வைக்கச் சொன்னேன். நான், நீ, இந்தப் பிரிவே போவும். அந்தம்மா எப்படியும் போயாச்சு. திரும்ப எடுப்பாங்கன்னா நெனைக்கிற?" குரலைத் தணித்துக்கொண்டார். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடு. இத மறந்துரு."

சிவகணேசன் வெளியே வந்தார். குணாளனைத் தாண்டி இன்னும் மேலே போயிருக்கலாம். அவர் போகவில்லை. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. முதல் துணிச்சலைத் தவறவிட்டவனுக்கும் ஆண்டவன் ஒரு சின்ன வேலையைக் கையில் கொடுத்து வைக்கிறான் என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

அந்தச் சனிக்கிழமை, வெறுமையாய்க் கிடந்த பதினொரு கணினிகளையும் மறுபடி தயார் செய்ய அவர் தோட்டத்துக்குப் போனார். சுவரில் வெள்ளம் நின்ற கோடு இடுப்பளவில் இன்னும் இருந்தது. பிரேமலாவின் மேசையில் ஒரு புதுப் பையன் பெயர்ப்பலகை வைத்திருந்தான். கணினியின் நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது.

பதினொரு மணிக்குச் செல்வராணி கந்தினிலிருந்து மைலோ ஐஸ் கொண்டுவந்தாள். இருபது வயதை எட்டப்போகும் ஒல்லியான பெண். கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள்.

"அண்ணே, நீங்கதான் கம்ப்யூட்டர் சரி பண்றவங்களா? பிரேமலாக்கா சொன்னாங்க, கெடச்சாலும் கெடைக்கும்னு."

அவர் குவளையைத் தொடவில்லை. "உனக்கு மோட்டர் ஓட்டத் தெரியுமாம்மா?" என்று எதையோ கேட்டார். வாசலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது.

"நல்லா ஓட்டுவேண்ணே. லைசென்சுதான் கெடையாது. ரோட்டுல போலீஸ் நின்னா எறங்கி, மரத்துக்குள்ள தள்ளிக்கிட்டே போயிருவேன். பாம்புக்குக்கூட பயமில்ல, போலீசுக்குத்தான்." சிரித்தாள். "சட்டப்படி நான் பொறக்கவே இல்லியாம். அப்ப எனக்குப் பசிக்கக்கூடாதுல்ல? அதான் பிரேமலாக்காகிட்ட கேட்டேன். வாய மூடிட்டு சோறு தின்னுன்னு சொல்லிட்டாங்க."

சிவகணேசனால் தாங்க முடியவில்லை. "ராணி, அந்தப் பக்கம் அழிஞ்சதுக்கு உங்கக்கா காரணமில்ல. நான்தான்மா. அவங்க எனக்கு முன்னமே எழுதியிருந்தாங்க. நான்தான் கவனிக்கல."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்களில் எதுவோ ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. குவளையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குடிங்கண்ணே. ஐஸ் கரைஞ்சா நல்லா இருக்காது."

அவர் குடித்தார். 

போகும்போது வாசலில் திரும்பி அவள் சொன்னாள்: "எங்கம்மா அஞ்சலை பேரு நான் பொறந்த மார்ச் மாசத்துச் செக்ரோல்ல இருக்குமாம். மாசா மாசம் டிஸ்கெட்டுல போட்டு வட்டார ஆபீசுக்கு அனுப்புவாங்களாம். அந்த ஆபீசத்தான் மூடிட்டாங்களே. அதுவும் போயிருக்கும்னு பிரேமலாக்கா சொன்னாங்க."

செக்ரோல் என்பது காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எடுக்கும் பெயர்ப்பட்டியல். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எல்லாம் அதில் இருக்கும். ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்கு வீட்டில் இருந்தால் அதுவும் இருக்கும். சிவகணேசன் காரை ஓட்டிக்கொண்டே அதை நினைத்தார். மாசாய் ஊரைத் தாண்டியபோதுதான் அவருக்குப் பின்கட்டுக் கிடங்கு ஞாபகம் வந்தது.

புதிய மென்பொருளைத் தாங்காத பழைய கணினிகளை எல்லாம் ஒதுக்கி அனுப்பும்படி ஜனவரியில் எல்லாத் தோட்டங்களுக்கும் உத்தரவு போயிருந்தது. சொன்னதுதான் சாக்கு என்று ஒவ்வொருவரும் தங்கள் பொருளறையைக் காலி செய்து, இருபது ஆண்டுக் குப்பையைத் தலைமையகத்துக்கு ஏற்றிவிட்டார்கள். பாசிர் கூடாங் கிடங்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூடிய வட்டார அலுவலகங்களின் பெட்டிகளும் அவற்றில் கலந்திருக்கலாம். ஈரத்தில் ஒட்டுச்சீட்டுகள் உரிந்து விழுந்துவிட்டன; எது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. மார்ச் ஒன்பதாம் தேதி திங்களன்று குத்தகைக்காரர் லாரியோடு வந்து வட்டுகளை நசுக்கப் போகிறார். அதுவரை கிடங்குச் சாவி சிவகணேசனிடம்.

தோட்டத்துக்குப் போய்வந்த அடுத்த திங்கள் முதலே சாப்பாட்டு நேரமும் மாலை நேரமும் அவருக்கு இல்லாமல் போயின. பெட்டியின் மூடியைக் கழற்றுவார், வட்டை உருவுவார், மடிக்கணினியில் கம்பியை மாட்டுவார், பார்ப்பார், திரும்ப வைத்துச் சுவரில் ஒரு கோடு கிழிப்பார். கிடங்கில் மின்விசிறி இல்லை. வேர்வை மூக்கின் நுனியிலிருந்து வட்டின்மேல் சொட்டாமல் தலையைத் திருப்பிக்கொள்வார். சில வட்டுகள் கரகரவென்று முனகிவிட்டு அடங்கிவிடும். சிலவற்றில் யாரோ ஒருவரின் கல்யாணப் படங்கள், பழைய சீட்டு விளையாட்டு, தோட்டத்துப் பந்து அணியின் பட்டியல். சீனப் பெருநாள் விடுமுறை இரண்டு நாள் போயிற்று. அதற்கடுத்து நோன்பு மாதம் தொடங்கியது. மதியத்தில் அலுவலகமே ஓசையடங்கிக் கிடக்கும். அவர் சாப்பிடப் போகாததைப் பார்த்து, அவரும் நோன்பா என்று சக ஊழியர் ஒருவர் கேலி செய்தார். "அப்படித்தான் வச்சுக்கலாம்" என்றார் அவர்.

நூறு தாண்டியது. நூற்றைம்பது. இரவில் படுக்கும்போது மனைவி அவர் விரல்களில் வெட்டுக்காயங்களைப் பார்த்துக் கேட்டாள். பழைய பெட்டி என்று மட்டும் சொன்னார். அவர் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. குணாளன் கைகொடுத்தார். சிவகணேசனால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இருநூறாவது பெட்டிக்குப் பிறகு, இது தண்டனைக்காகச் செய்கிறோமா, பலனுக்காகச் செய்கிறோமா என்ற சந்தேகமே அவருக்கு வந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் போனார். வேறென்ன செய்ய?

மார்ச் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. இருநூற்று முப்பத்தெட்டாவது பெட்டி. வட்டு இரண்டு முறை தடுக்கி மூன்றாம் முறை எழுந்தது. உள்ளே வட்டார அலுவலகத்தின் பெயர். அதற்குள் தோட்டங்களின் பெயர்கள், ஆண்டுகள், மாதங்கள். ராணி பிறந்த, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் மாதச் செக்ரோலை அவர் திறந்தார். நாலாவது பக்கத்தில் அஞ்சலை த/பெ முத்தன் என்று இருந்தது. பதினெட்டாம் தேதிவரை வேலைக்கு வந்த அடையாளம். அதன் பிறகு நாள்கள் காலி. ஓரக்குறிப்பில் எவரோ ஒரு கிராணி பொறுமையாகத் தட்டி வைத்திருந்தார்: 'பேறுகால விடுப்பு. மார்ச் 19, பெண் குழந்தை, தோட்டக் கிளினிக், பிறப்புப் புத்தகம் எண் 114.'

சிவகணேசன் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கைகூப்பவும் தோன்றவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பதாம் தேதி, பெண் குழந்தை.

அழிந்துபோன புத்தகத்தையே நம்பி இன்னும் அறுபது எழுபது குடும்பங்கள் இருந்தன. அந்தத் தோட்டத்துச் செக்ரோல்கள் எல்லாவற்றையும் புரட்டினார். பேறுகாலக் குறிப்பெழுதும் பழக்கம் அந்தக் கிராணிக்கு மட்டும்தான் இருந்திருக்கிறது. ராணியையும் சேர்த்து, ஒன்றரை ஆண்டுக்குள் பிறந்த ஒன்பது குழந்தைகள் மட்டும் கிடைத்தார்கள். மற்ற பட்டியல்களில் வந்தவர், வராதவர் என்ற குறிகளைத் தவிர எதுவும் இல்லை. மீதிப் பேருக்கு அவர் கையில் ஒன்றும் இல்லை. அதை அவர் சாகும்வரை சுமக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம், தொழுகைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள், அலுவலக அச்சு இயந்திரத்தில் பத்துப் பக்கங்களை எடுத்தார். யார் எடுத்தது என்று இயந்திரம் அவர் பெயரைப் பதிந்துகொண்டது. பதியட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு தன் மேசையில் உட்கார்ந்து, மூடப்பட்ட அந்த விசாரணைப் பதிவைத் திறந்தார். மூடிய பதிவில் எதையும் மாற்ற முடியாது. அடியில் குறிப்பு மட்டும் சேர்க்கலாம். அவர் எழுதினார்: 'தோட்டத் தலைமைக் கிராணி முன்கூட்டியே தெரிவித்தார். பதில் அனுப்பியது நான். எண்களைச் சேர்க்காமல் விட்டதும் நான். கடிதம் இணைப்பில்.' தன் முழுப் பெயரையும் பணி எண்ணையும் இட்டார். மூடிய பதிவுகளை யாரும் படிப்பதில்லை. ஆனாலும் இனி அங்கே பொய் மட்டும் தனியாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கோத்தா திங்கியில் பிரேமலாவின் தாமான் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்தில் பிரேமலா கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போய்விடுவார் என்பது தோட்டமே அறிந்த விஷயம். கேட் பூட்டியிருந்தது. தெருவில் ஆள் இல்லை. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

உறைக்குள் பத்துப் பக்கங்களும் இருந்தன. ராணியின் பக்கம் மட்டும் இரண்டு பிரதி. கூடவே ஒரு துண்டுச் சீட்டில், 'மேனேஜர் முத்திரை வாங்கிக்கொள்ளவும். 12ஆம் தேதிக்கு முன். மற்றவர்களுடையதும் இருக்கிறது' என்று எழுதியிருந்தார். அதன் அடியில் தன் பெயரின் முதல் எழுத்தை எழுதப்போய், பேனாவை எடுத்துவிட்டார். யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தாலும் யாரிடமும் சொல்லமாட்டார். அது ஏற்கெனவே நிரூபணமான விஷயம்.

உறையை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி முடிச்சுப் போட்டார். கேட்டின் கம்பிகளுக்குள் கையை விட்டு, மழை படாத இடமாகப் பார்த்து, கேட்டை ஒட்டி உள்ளே இருந்த செருப்பு அடுக்கின் மேல்தட்டில் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு பழைய செருப்பை அதன்மேல் நகர்த்தி வைத்தார். வெள்ளம் வந்தாலும் அந்த உயரத்துக்கு ஏறாது என்று ஒருமுறை கண்ணால் அளந்துகொண்டார்.

பிறகு கையை வெளியே இழுத்துக்கொண்டு, சட்டையில் துடைத்துவிட்டு, காரை நோக்கி நடந்தார்.